முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கவும்

ஒரு காட்டுல, எல்லாக் காட்டுலயும் இருக்கற மாதிரி ஒரு சிங்கம் இருந்துச்சு. அதுக்கு இந்தக் கதையில வேலை இல்ல. அது பாட்டுக்குத் தூங்கட்டும்.

அந்தக் காட்டை உண்மையில நடத்தினது ஒரு டிரஸ்ட்டு. பேரு 'சகல ஜீவராசிகள் முதலீட்டு டிரஸ்ட்'. நம்ம கதைக்கு ஆளு மாசிலாமணின்னு ஒரு மரங்கொத்தி. அவன் முட்டையை விட்டு வெளிய வந்தப்பவே அந்த டிரஸ்ட்டுக்கு வயசு என்னன்னு யாருக்கும் தெரியாது. ஓடைக்கரை ஆலமரத்தைக் கேட்டா, "நான் கன்னா இருக்கறப்பவே கூட்டம் போட்டுட்டு இருந்தாங்கப்பா"ன்னு சொல்லும்.

அது பொறந்த விதம் இதுதான். அந்தக் காலத்துல யானைக்கு ஒரு தோப்பே சொந்தம். கரடிக்கு நாலு பலா சொந்தம். எலி, அணில், காடை மாதிரி சின்னதுங்களுக்கு ஒரு மரம் வாங்கக்கூட வக்கு கிடையாது. அப்படியே வயித்தைக் கட்டி வாயைக் கட்டி ஒரு மரம் வாங்கினாலும், அந்த வருஷம் பாத்து அது காய்க்காது. குடும்பத்தோட பட்டினி. இதையெல்லாம் பாத்துட்டு ஆதிமூலம்னு ஒரு ஆமை ஒரு யோசனை சொன்னாரு.

"ஆளுக்கு ஒரு பிடி தானியம் போடுங்க. எல்லாத்தையும் சேத்து, காட்டுல இருக்கற எல்லா மரத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவோம். புளி ஏமாத்தினா பலா குடுக்கும். பலா ஏமாத்தினா அத்தி குடுக்கும். எல்லாமே ஏமாத்தினா, அப்ப யானைக்கும் நமக்கும் ஒரே கதிதானே? அதுல ஒரு ஆறுதல்."

எல்லாரும் போட்டாங்க. ஆதிமூலத்தையே சேர்மன் ஆக்கினாங்க. எந்த மரத்தை வாங்கணும், எதை விக்கணும், எதுல யாரு கூடு கட்டணும், எல்லாத்துக்கும் அவரு சம்மதம் வேணும்னு விதி போட்டாங்க.

ஆதிமூலம் நல்லவரு. ஆனா அவருக்கு ஒரு பலவீனம். முகத்தைப் பாத்து யாராவது கேட்டுட்டா அவரால இல்லேன்னு சொல்ல முடியாது. பதவிக்கு வந்த மொத வாரமே குரங்குக்கு ஒரு மாமரம், குரங்கோட மச்சானுக்கு ஒரு மாமரம்னு போயிடுச்சு. அவரே பயந்துட்டாரு. ஓடைக்கரையில ஒரு உருண்டைப் பாறை இருந்துச்சு. அது மேல ஏறி, தண்ணியைப் பாத்து உக்காந்துக்கிட்டு சொன்னாரு:

"இனிமே எவனும் என் மூஞ்சிக்கு நேரா வரக் கூடாது. எனக்கு முகதாட்சண்யம் ஜாஸ்தி. முதுகுக்குப் பின்னால நின்னு கேளுங்க. நியாயமா இருந்தா முன்னால ஒரு சாய்வு சாஞ்சு எந்திரிப்பேன். அதுதான் சம்மதம். அசையலேன்னா போயிடுங்க."

அன்னியிலேர்ந்து அதுதான் வழக்கம். அங்க 'முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கவும்'னு ஒரு போர்டு உண்டு. பழசு உளுத்துப்போனப்ப புதுசு கொத்திக் குடுத்தது மாசிலாமணியோட அப்பாதான்.

காலம் ஓடிச்சு. ஒரு மழையில காடு முழுக்கக் காளான் முளைச்சது. "பலாவை வித்துக் காளான் வாங்குவோம், ஒரே ராத்திரியில குடை விரிக்குது"ன்னு மொத்தக் காடும் குதிச்சுது. சேர்மன் அசையல. ஒரே வாரத்துல காளான் அழுகிப் போச்சு. அப்புறம் மூங்கில் பூத்துச்சு. மூங்கிலரிசி மலை மலையாக் கொட்டுது. "இருக்கறதை எல்லாம் மூங்கில்ல போடு"ன்னாங்க. சேர்மன் அசையல. பூத்து முடிச்ச மூங்கில் மொத்தமும் காஞ்சு செத்துச்சு. அதுல போட்ட குரங்குங்க இன்னிக்கும் கோயில் வாசல்ல தேங்காய்ச்சில்லு பொறுக்கிட்டு இருக்கு. டிரஸ்ட்டு மட்டும் வருஷாவருஷம் தவறாம பங்குக்கு இவ்வளவு பழம்னு டிவிடெண்டு குடுத்துச்சு. ஒரு வருஷம்கூட போன வருஷத்தை விடக் குறைச்சதில்ல.

நஷ்டம்னு சொன்னா ஒண்ணே ஒண்ணு. எப்பவோ தெற்கால இருந்த சேத்துநிலத்தை வாங்கிட்டாங்க. ஒரு புல்லுகூட மொளைக்காத நிலம். அந்த ஒரு தடவைதான் சேர்மன் நல்லாவே குனிஞ்சு நிமிந்தாரு. பெரியவரு என்ன நினைச்சாரோன்னு விட்டுட்டாங்க.

சரி, மாசிலாமணிக்கு வருவோம்.

அவன் குடியிருந்த பட்டமரம் ஒரு காத்துல சாஞ்சுடுச்சு. அவன் பொண்டாட்டி வடிவு முட்டையிடப் போற நேரம். மேற்கால மேகம் கூடிக்கிட்டே இருக்கு. மரங்கொத்திக்குத் துளை போடறது ஒரு வேலையா? மூக்கு இருக்கு, மரம் இருக்கு. ஆனா காட்டுல உருப்படியா நிக்கற மரம் பூராவும் டிரஸ்ட்டோடது. அதுல ஒரு கொத்து கொத்தணும்னாலும் அனுமதி வேணும்.

டிரஸ்ட்டு ஆபீசு ஒரு பாறை இடுக்குல. செகரட்டரி உலகநாதன்னு ஒரு உடும்பு. இடுக்கைப் பிடிச்ச பிடியில மூணு தலைமுறையா அந்தக் குடும்பம்தான் செகரட்டரி. மாசிலாமணி தேக்கிலையில விண்ணப்பம் எழுதிட்டுப் போனான்.

"தம்பி, 'துளையின் நோக்கம்'னு ஒரு கேள்வி இருக்கே, காலியா விட்டிருக்க."

"குடியிருக்கத்தாங்க."

"அதை எழுதணும். அடுத்தது, 'இதற்கு முன் துளை போட்டதுண்டா? ஆம் எனில், ஏன்?'"

"ஐயா, நான் மரங்கொத்திங்க."

"அதுதான் காரணம்னா அதை எழுது. மூணு இலை வேணும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு சேர்மனுக்கு, ஒண்ணு ஆட்டுக்கு."

"ஆட்டுக்கு எதுக்குங்க?"

"பழைய விண்ணப்பத்தை எல்லாம் அதுதான் காலி பண்ணும். இல்லேன்னா இடம் எங்க இருக்கு?"

மூணு இலையும் குடுத்துட்டு, சேர்மன் முதுகுக்குப் பின்னால போய் மாசிலாமணி கேட்டான். "ஐயா, வடக்கால நிக்கற இலுப்பையில ஒரே ஒரு துளைங்க. பொண்டாட்டி மாசமா இருக்கா." சேர்மன் அசையல. மறுநாள் போனான், அசையல. அதுக்கு அடுத்த நாள் வடிவையும் கூட்டிட்டுப் போனான். வடிவு அழுது பாத்தா. பாசி படிஞ்ச முதுகு அப்படியே இருந்துச்சு.

"கல்லு மனசுங்க"ன்னா வடிவு.

"பெரியவங்க யோசிப்பாங்க"ன்னான் மாசிலாமணி.

"முட்டை யோசிக்காதுங்க."

அந்த வாரம் உலகநாதனே ஆள் அனுப்பினாரு. டிரஸ்ட்டுக்குப் பெருவிழா வருது. கூட்டம் நடக்கற அத்திமரத்துல டிரஸ்ட்டோட வரலாறு முழுசையும் கொத்தணும். காட்டுல எழுத்து அழகா கொத்தறது மாசிலாமணிதான்.

"கூலி என்னங்க தருவீங்க?"

"உன் விண்ணப்பத்தை அடியிலேர்ந்து எடுத்து மேல வைக்கறேன்."

மாசிலாமணி ஒத்துக்கிட்டான். காளான் கதையை விசாரிச்சு, மூங்கில் கதையை விசாரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கீழ 'சேர்மன் ஆதிமூலம் அவர்கள் தமது தீர்க்கதரிசனத்தால் சிறிதும் அசையாது நின்றார்'னு கொத்தினான். வேலை முக்கால்வாசி முடிஞ்சப்ப, மேல சேர்மன் படம் ஒண்ணு வேணும்னு தோணிச்சு. விழா மலர்னா படம் இல்லாமலா? ஆனா சேர்மன் மூஞ்சி எப்படி இருக்கும்? கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. முதுகை எல்லாரும் வர்ணிக்கறாங்க. மூஞ்சியைக் கேட்டா, "தெய்வக்களை இருக்கும்ப்பா, வேற எப்படி இருக்கும்"ங்கறாங்க.

மாசிலாமணிக்கு உள்ளுக்குள்ள இன்னொரு கணக்கும் இருந்துச்சு. முகதாட்சண்யம் ஜாஸ்தின்னு அவரே சொல்லியிருக்காரே. மூஞ்சிக்கு நேரா போய் ஒரு கும்பிடு போட்டா இலுப்பை மரம் கிடைச்சுடாதா?

காலையில எல்லாரும் மேய்ச்சலுக்குப் போன நேரமாப் பாத்து, ஓடையைத் தாண்டி முன்பக்கம் போய் ஒரு கல்லு மேல உக்காந்தான். கண்ணை மூடி, தலையைக் குனிஞ்சு, "ஐயா, மன்னிக்கணும்"னு ஆரம்பிச்சான்.

"யாரு அது முன்பக்கம்? பின்னால போர்டு இருக்கே, படிக்கத் தெரியாதா?"

பொம்பளைக் குரல். மாசிலாமணி கண்ணைத் தொறந்தான். ஓடு இருக்கு. தலை வர்ற எடத்துல ஓட்டை இருக்கு. ஓட்டைக்குள்ள ஒரு தவளை சப்பணம் போட்டு உக்காந்திருக்கு.

"அந்த போர்டைக் கொத்தினதே எங்கப்பாதாங்க"ன்னான், வேற என்ன சொல்றதுன்னு தெரியாம. அப்புறம், "ஐயா எங்கங்க?"

"எந்த ஐயா?"

"சேர்மன் ஐயா."

"ஓ, வீட்டுக்காரரா? அவரு போய்ச் சேந்து எவ்வளவோ காலமாச்சு தம்பி. எங்க தாத்தா குடி வந்தப்பவே இது காலி வீடு. என் பேரு தைலம்மை. உக்காரு, நிக்கறியே."

மாசிலாமணி உக்காந்துதான் இருந்தான். ஆனா விழுந்த மாதிரி இருந்துச்சு.

"அப்ப இத்தனை வருஷமா... காளான் வந்தப்ப அவரு அசையாம இருந்தது?"

"செத்தவரு எப்படி அசைவாரு?"

"மூங்கில் பூத்தப்ப?"

"அப்பவும் அப்படித்தான்."

"அப்ப அந்தச் சேத்துநிலம்? அதுக்கு மட்டும் குனிஞ்சு நிமிந்தாரே?"

தைலம்மை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "அன்னிக்குத்தான் தாத்தா குடி வந்தாரு. வாடகை இல்லாத வீடு கிடைச்ச சந்தோஷத்துல உள்ள ஒரே குதி. ஓடு ஆடிப்போச்சு. வெளிய ஒரே கைதட்டல். தனக்குத்தான் தட்டறாங்கன்னு கடைசி வரைக்கும் நினைச்சுட்டு இருந்தாரு மனுஷன். அதுக்கப்புறம் வீட்டுல கண்டிப்பா சொல்லி வச்சுட்டாரு, யாரும் குதிக்கக் கூடாதுன்னு. குதிச்சா கூட்டம் கூடுது, தூங்க முடியல."

"மழைக்காலத்துல நீங்க கத்துவீங்களே, அது வெளிய கேக்காதா?"

"கேக்கும். 'சேர்மன் யோசனையில் ஆழ்ந்துள்ளார்'னு சொல்லிக்குவாங்க. தம்பி, வெளிய சொல்லிடாத. எனக்குப் புள்ளைகுட்டி இருக்கு. எங்க போவேன்?"

மாசிலாமணி திரும்பி வந்து அத்திமரத்துல தான் கொத்தினதைப் படிச்சுப் பாத்தான். 'சிறிதும் அசையாது நின்றார்.' எழுத்துக்கு எழுத்து உண்மை. திருத்த ஒண்ணுமில்ல.

வடிவுகிட்ட மட்டும் சொன்னான்.

"அப்ப நான் அழுதது தவளைகிட்டயா?"

"அதுவும் முதுகுப்பக்கம்."

இதுக்கு நடுவுல நவநீதம்னு ஒரு நரி வந்து சேந்தான். அவன் நகரத்துப் பக்கம் போயிட்டு வந்தவன். கையில ஒரு செல்போன், கண்ணாடி உடைஞ்சது. குப்பையில எடுத்தது.

"பிரதர், பொதுக்கூட்டத்துல நான் ஒரு தீர்மானம் கொண்டு வரேன். மரத்தை எல்லாம் வித்துட்டு, மொத்தத்தையும் நகரத்துக் குப்பைமேட்டுல போடப் போறோம். பரோட்டா, ஆட்டுக்குடல், பாதி தின்ன பிரியாணி. தினம் வளருது பிரதர்! எந்த மரம் தினம் வளருது, சொல்லு? எல்லாம் இதுல வருது பாரு."

மாசிலாமணி போனைப் பாத்தான். கறுப்பா இருந்துச்சு. "ஒண்ணும் வரலியே."

"சார்ஜ் இல்ல. ஆனா வருது. நீ கூட்டத்துல எனக்கு ஒரு வார்த்தை பேசு. நான் சேர்மன் ஆனதும் மொதக் கையெழுத்து உன் துளைக்குத்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் வடிவு கேட்டா: "துளைக்கு அனுமதி குடுத்துட்டு அந்த மரத்தையே வித்துடுவானே. அப்புறம் துளையை மட்டும் கையில வச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

கூட்டத்துல பேசாம இருந்துடறதுன்னு மாசிலாமணி முடிவு பண்ணினான்.

பொதுக்கூட்டத்துக்கு மொத்தக் காடும் வந்துச்சு. வந்தது டிரஸ்ட்டு மேல இருக்கற அக்கறையினாலன்னு சொன்னா பாவம். கூட்டத்துக்கு வர்ற பங்குதாரருக்கு மந்தாரை இலையில சுண்டலும் ஒரு துண்டு பலாச்சுளையும் கட்டிக் குடுப்பாங்க. கோமளம்னு ஒரு காட்டுப்பன்னி, தன் குட்டி ஒவ்வொண்ணு பேருலயும் ஒரு பங்கு வாங்கி வச்சிருந்தா. வரிசையில நின்னு ஆளாளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டு, பின்னால சுத்தி வந்து மறுபடியும் வரிசையில நின்னா.

எல்லாரும் சேர்மன் முதுகைப் பாத்து உக்காந்தாங்க. நவநீதம் எழுந்தான். குப்பைமேட்டோட மணத்தையும் குணத்தையும் எடுத்துச் சொன்னான். பாதிப்பேருக்கு எச்சில் ஊறிடுச்சு. தீர்மானத்தைச் சேர்மன் முதுகுக்கு முன்னால வச்சாங்க. முதுகு அசையல.

"பாத்தீங்களா?"ன்னான் நவநீதம். "இவரு என்னைக்கு அசைஞ்சிருக்காரு? காலம் மாறிப்போச்சு சார்! நான் ஒரு சின்ன விதித்திருத்தம் கொண்டு வரேன். இத்தனை நாள் அசைஞ்சாத்தான் சம்மதம். இனிமே அசையலேன்னாலே சம்மதம். பெரியவருக்கும் உடம்பு நோகாது, நமக்கும் வேலை நடக்கும். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பொட்டலம் இல்லாத கை ஒண்ணு ரெண்டு தூக்குச்சு. அப்புறம் பொட்டலத்தைக் கீழ வச்சுட்டும் தூக்க ஆரம்பிச்சாங்க.

அத்திமரத்துல உக்காந்திருந்த மாசிலாமணி கணக்குப் போட்டுப் பாத்தான். இந்தத் திருத்தம் நிறைவேறினா அவன் விண்ணப்பம் அந்த நிமிஷமே பாஸ். இலுப்பையில துளை. வடிவு நிம்மதியா முட்டையிடலாம். ஆனா அதே நிமிஷம் குப்பைமேடும் பாஸ். இனிமே எவன் எதைக் கொண்டு வந்தாலும் பாஸ். காளானும் பாஸ், மூங்கிலும் பாஸ். செத்தவரு எல்லாத்துக்கும் சரி சொல்லிக்கிட்டே இருப்பாரு.

கீழ வடிவு அவனை நிமிந்து பாத்தா. வயிறு பெருசா இருந்துச்சு.

"ஐயா! ஒரு நிமிஷம்!"னு கத்திட்டான் மாசிலாமணி. "அவரு அசையாததுக்குக் காரணம் இருக்கு. அவரு உள்ள இல்லீங்க. அது வெறும் ஓடு. செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு!"

சுண்டல் மெல்ற சத்தம் நின்னுச்சு. அந்தக் காட்டுல அப்படி ஒரு அமைதி சிங்கம் எழுந்தப்பகூட வந்ததில்ல.

கடைசியில கோமளம்தான் எழுந்தா. "ஏம்ப்பா மாசிலாமணி, செத்துட்டாருங்கறியா?"

"ஆமாங்க."

"நான் கன்னிப்பொண்ணா இருந்தப்பவே?"

"அதுக்கும் முன்னாடியேங்க."

"அப்ப மூங்கில் பூத்தப்ப டிரஸ்ட்டைக் காப்பாத்தினது, செத்துப்போன மனுஷன்?"

"ஆமாங்க."

கோமளம் செகரட்டரியைப் பாத்தா. "இந்த வருஷ டிவிடெண்டு வருமா?"

"வரும்மா. போன வருஷத்தை விட ஒரு பழம் கூட."

"அடுத்த வருஷம் பொட்டலம்?"

"உண்டு."

"அப்புறம் என்னத்துக்கு இவன் கத்தறான்?"ன்னுட்டு கோமளம் உக்காந்துட்டா.

நவநீதம் துள்ளி எழுந்தான். "செத்தவரு எப்படிங்க சேர்மனா இருக்க முடியும்? உடனே தேர்தல் வைங்க. நான் உயிரோட இருக்கேன்!"

"அதான்ப்பா யோசனையா இருக்கு"ன்னுச்சு ஒரு கிழட்டு முயல். "உங்க தாத்தாவும் உயிரோட இருந்தவருதான். அவரு பேச்சைக் கேட்டுத்தானே எங்க வீட்டுல மூங்கில்ல போட்டாங்க."

உலகநாதன் தொண்டையைச் செருமினாரு. அவரு மூஞ்சியில ஒரு ஆச்சரியமும் இல்ல. "விதியில 'சேர்மன் அசைந்தால்'னு இருக்கு. 'சேர்மன் இருந்தால்'னு எங்கயும் இல்ல. அதனால அனைவரும் தற்போதைய சேர்மன் தொடர்ந்து பதவி வகிக்க..." முடிக்கறதுக்குள்ள எல்லாக் கையும் மேல போயிடுச்சு. குட்டிங்க பேருல கோமளம் நாலு காலையும் தூக்கப் பாத்துக் கீழ விழுந்தா. நரியோட விதித்திருத்தத்தை எல்லாரும் மறந்தே போனாங்க. 'இதுவரை சேர்மன் செய்த அனைத்துக்கும், செய்யாத அனைத்துக்கும்' நன்றித் தீர்மானமும் போட்டாங்க. செத்தவருக்கு ஆயுட்காலப் பதவின்னு போட முடியல. அதுக்கும் மேல நீளமா ஒரு வார்த்தை தேடிக் கிடைக்காம, 'என்றென்றும்'னு போட்டாங்க.

கூட்டம் கலைஞ்சதும் மாசிலாமணி செகரட்டரிகிட்ட போனான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"எங்கப்பா சாகறப்ப எங்கிட்ட சொன்ன ஒரே விஷயம் அதுதான். இத்தனை வருஷம் கட்டிக்காத்தேன். நீ ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்ச. நல்லவேளை, யாரும் கண்டுக்கல."

"என் துளை விஷயம்..."

"அதான் நீயே சொல்லிட்டியே, அவரு இல்லேன்னு. இல்லாதவரு எப்படித் தம்பி சாய்வாரு? விண்ணப்பம் நிலுவையில இருக்கும். முன்பக்கம் போனதுக்குத் தண்டனையா, அதை மறுபடியும் அடியில வச்சுட்டேன்."

அன்னிக்குச் சாயங்காலம் மொத மழை ஒரு பாட்டம் அடிச்சுட்டு விட்டுச்சு. வடிவும் மாசிலாமணியும் ஒரு இலைக்கு அடியில ஒடுங்கி உக்காந்திருந்தாங்க. புத்துலேர்ந்து ஈசல் கிளம்பிச்சு. மாசிலாமணி ஒண்ணைப் பிடிச்சு அவளுக்குக் குடுத்தான். அவ சாப்பிடாம அதையே பாத்துட்டு இருந்தா.

"ஏங்க, தவளை ஈசல் திங்குமா?"

"தவளைக்கு அது கல்யாணச் சாப்பாடு."

"ஓடு ஆடினாத்தானே சம்மதம்? ஏன் ஆடுதுன்னு விதியில இருக்கா?"

மாசிலாமணி பொண்டாட்டியைப் பாத்தான். அவளைத்தான் வரலாறு கொத்த விட்டிருக்கணும்னு தோணிச்சு.

கொஞ்ச நேரத்துல அவன் உலகநாதனைக் கூப்பிட்டுட்டு முதுகுப்பக்கம் போய் நின்னான். வடிவு சிறகு நிறைய ஈசலோட முன்பக்கம் போனா.

"யாரும்மா அது? அன்னிக்கு அழுத பொண்ணா?"ன்னா தைலம்மை.

"ஆமாங்க்கா. முதுகைப் பாத்து அழுதேன். இன்னிக்கு நேருல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு..." அப்படியே ஈசலைக் கொஞ்சம் உயரமா வீசிப்போட்டா.

"அய்யோ, எதுக்கும்மா இதெல்லாம்"னு சொல்லிக்கிட்டே தைலம்மை தாத்தா பேச்சை மறந்து ஒரு தாவு தாவினா. ஓடு முன்னால ஒரு சாய்வு சாஞ்சு, பின்னால வந்து நின்னுச்சு.

பின்பக்கம் நின்ன உலகநாதன் தேக்கிலையை வாங்கி நகத்தால கீறி ஒப்புதல் போட்டாரு.

"ஐயா, உள்ள வந்து..."ன்னு ஆரம்பிச்சான் மாசிலாமணி.

"உள்ள என்னன்னு நான் கேட்டேனா? உண்மையைச் சொல்லி ஒரு தடவை பட்டது பத்தாதா? இலையை வாங்கிட்டுப் போய் வேலையைப் பாரு."

பெருமழை பிடிக்கறதுக்குள்ள இலுப்பையில துளை தயார். வடிவு உள்ள போய் முட்டையிட்டா.

விஷயம் எப்படிப் பரவுச்சோ தெரியல. மறுநாளே ஓடைக்கு அந்தாண்ட, முன்பக்கம், பெரிய வரிசை. ஆளுக்கு ஒரு இலையில ஈசல், வெட்டுக்கிளி, புழு. பின்பக்கம் போர்டு பாட்டுக்குத் தனியா நின்னுச்சு. நவநீதமும் வந்தான். ஈ மொய்க்கற பிரியாணி டப்பாவைக் குப்பைமேட்டுலேர்ந்து இழுத்துட்டு வந்து ஓட்டை வாசல்ல வச்சு, "அக்கா, ஒரே ஒரு குதி, மொத்தக் காடும் மாறிடும்"னான்.

தைலம்மைக்கு முகதாட்சண்யம் ஜாஸ்தி. நேருல வந்து குடுத்ததை வேணாம்னு சொல்ல மனசு வரல. வரிசையில வந்தது எல்லாத்தையும் தின்னா. நவநீதத்தோட ஈ அத்தனையும் கடைசியாத் தின்னா. தின்னுட்டு, பாவம், நன்றியோட குதிக்கத்தான் பாத்தா.

முடியல. உடம்பு ஊதி ஓட்டுக்குள்ள அச்சா இறுகிப்போச்சு. இப்படியும் அப்படியும் ஒரு நெளி நெளிஞ்சா. ஓடு அசையவே இல்ல. முன்ன ஒல்லியா இருந்தப்பவாவது உள்ள ஒரு தாவு தாவினா ஓடு ஆடுச்சு. இப்ப அதுவும் இல்ல.

அன்னியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் சேர்மன் எதுக்கும் சாயல. குப்பைமேடு அடுத்த கோடையிலேயே தீப்பிடிச்சு எரிஞ்சுது. டிரஸ்ட்டு ஒரு பழம் கூடுதலா டிவிடெண்டு குடுத்துச்சு. மாசிலாமணி அத்திமரத்துல கடைசி வரியையும் கொத்தி முடிச்சான்: 'இம்முறையும் சேர்மன் அவர்கள் சிறிதும் அசையாது நின்றார்.' மேல படத்துக்குன்னு விட்டிருந்த எடத்துல ஒரு முதுகு வரைஞ்சான். ரொம்பத் தத்ரூபமா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க.

நீதி: தலைவர் செத்துட்டாரேன்னு கவலைப்படாதே, உயிரோட ஒருத்தன் அந்த எடத்துக்கு வந்துடக் கூடாதேன்னு கவலைப்படு. உனக்குன்னு அவசரமா ஒரு காரியம் ஆகணும்னா, உண்மையை ஊருக்குச் சொல்லாம ஈசலோட முன்பக்கமா போ. ஆனா மொத ஆளாப் போயிடு.